செட்டிபாளையத்துப் பந்தயத் தடம்

கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 'கரி மோட்டார் ஸ்பீட்வே', தான் ஜெயித்த கோப்பைகளைவிடப் பிறர் ஓட்டுவதற்கென்று கார் செய்து கொடுத்ததற்காகவே நினைக்கப்படும் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதற்கு முன் நம் மாகாணத்தில் மோட்டார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களுக்காகப் போட்டு, யுத்தம் முடிந்தபின் வேலையற்றுக் கிடந்த ஓடுபாதையை, 1953-இல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. 1990-இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது.

லட்சுமி மில் குடும்பத்தில் 1954-இல் பிறந்த எஸ். கரிவரதன் சோழவரத்தில் கார் ஓட்டிப் பெயர் பெற்றவர்தாம். ஆயினும், பந்தயக் கார் என்றால் சீமையிலிருந்து கப்பலேறி வரவேண்டும், அதற்குக் கொள்ளைப் பணம் வேண்டும் என்றிருந்த நிலைமை அவருக்குச் சகிக்கவில்லை. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பூட்டி, 'ஃபார்முலா மாருதி' என்ற காரை உருவாக்கினார். எஞ்சினோ ஊர் ஊராகக் கிடைப்பது, எந்த மெக்கானிக்கும் துணிந்து கை வைக்கக் கூடியது; வண்டிகளும் ஒரே அச்சில் வார்த்தவை; ஆகவே தகப்பனாரின் பணத்துக்கு அங்கே வேலை குறைவு, ஓட்டுகிறவனின் கைக்குத்தான் வேலை. லேத்தும் ஃபவுண்டரியும் நிறைந்த கோவைக்கே இந்த யோசனை உதித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் அகால மரணமடைந்தார். மோட்டார்ச் சங்கிலிக்குப் பிரசித்தி பெற்ற எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார், தாமும் பந்தய ஓட்டியாக இருந்தவர், சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள செட்டிபாளையத் தடத்தை அமைத்து நண்பரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அந்த ஃபார்முலா மாருதியில் முதற்பந்தயம் ஓடிய கோவைப் பிள்ளைதான் நரேன் கார்த்திகேயன். விதியின் வினோதம், நம் நாட்டில் இல்லாத நீள்வட்டத் தடம் அவர் வாழ்வில் குறுக்கிட்டது. 2005-இல் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், சரிவாக உயர்த்திக் கட்டிய நீள்வட்டத்து வளைவைத் தங்கள் டயர் தாங்காது என்று அஞ்சிப் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சிய ஆறில் நரேன் நான்காவதாக வந்தார். 2010-இலோ அவர் அமெரிக்காவில் 'நாஸ்கார்' அமைப்பு நடத்தும் பிக்கப் டிரக் பந்தயத்துக்கே போய், மார்ட்டின்ஸ்வில் தடத்தில் இறங்கினார். வர்ஜீனியாவின் இந்தச் சிற்றூர்த் தடம் 1947-இல் மண் தடமாகத் தொடங்கி, 1955-இல் தார் கண்டது; சுற்றளவு அரை மைலுக்குச் சற்றே அதிகம். கடையில் விற்கும் பிக்கப் டிரக்கின் ஜாடையில் செய்த கனத்த வண்டிகள் இரண்டு நேர்ப்பாதைகளில் சீறி, இரண்டு குறுகிய வளைவுகளில் ஒன்றையொன்று உரசித் திரும்ப வேண்டும். அவிநாசித் தேரை வீதி முனையில் திருப்புகையில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் சாமர்த்தியத்தைக் கண்டவர்களுக்கு, பந்தயம் நிர்ணயமாவது அந்த வளைவில்தான் என்று விளக்க வேண்டியதில்லை. நரேன் அன்று பதின்மூன்றாவதாக வந்தார்.

செட்டிபாளையத்துக்குத் திரும்பினால், அங்கே மாருதி எஸ்டீம் காரின் எஞ்சின் பூட்டிய எல்.ஜி.பி. கார்கள் ஓடும் தேசியப் பந்தயங்களுக்கே கூட்டம் அதிகம். ஆனால் நான் மெச்சுவது 'ஃபார்முலா பாரத்' என்ற மாணவர் போட்டியை. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே செய்து கொண்டுவரும் காரை முதலில் மேடையில் ஏற்றி 60 டிகிரி சாய்க்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினாலும் அனுமதி இல்லை. பிறகு பிரேக் சோதனை: மிதித்த மாத்திரத்தில் நான்கு சக்கரமும் ஒருசேர நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், ஸ்பானரும் கையுமாகக் குனிந்து சரிசெய்து, மீண்டும் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.