பஞ்சு போல உருளைக்கிழங்கு பணியாரம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏன்னா, இதை எழுதக் காரணமே அதுதான். அந்தக் குழுவில் ஒரு சகோதரி உள்கடன் வாங்கி, பஸ் நிறுத்தத்தில் சாயங்காலக் கடை போட்டிருக்கிறார். டீயும் உருளைக்கிழங்கு போண்டாவும். வியாபாரம் பரவாயில்லை, ஆனால் வருகிற காசில் பெரும்பங்கு எண்ணெய்க்கே போய்விடுகிறது. விற்காமல் மிஞ்சுகிற போண்டாவை யார் சாப்பிடுவது? அவர்தான். பல நாள் ராத்திரிச் சாப்பாடே அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்தபோது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

நாங்கள் ஒரு யோசனை சொன்னோம். "போண்டாவை விட்டுட்டு அதே கிழங்கைப் பணியாரக்கல்லில் ஊத்துங்க, எண்ணெய் மிச்சமாகும்" என்றோம். கிழங்கை நன்றாகக் குழைய வேகவைத்து, மிக்சியில் அரைத்து மாவில் கலக்கச் சொன்னதும் நாங்கள்தான். மறுநாள் அவர் ஊற்றிய பணியாரம் கல்லைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டி எடுத்தால் மேலே கருகல், உள்ளே களி. வாங்கித் தின்ற பெரியவர் ஒருவர், "ஏம்மா, இது பணியாரமா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்று கேட்டுவிட்டார். அன்றைய மாவு முழுக்க வீண். கூட்டத்தில் அந்தச் சகோதரி எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்: "உங்க பேச்சைக் கேட்டு ஒரு நாள் பொழப்பு போச்சு மேடம். நான் போண்டாவுக்கே போறேன்."

தப்பு அவருடையது இல்லை, எங்களுடையது. அதன் பிறகு மூன்று குழுக்களில் உட்கார்ந்து, உறுப்பினர்களோடு சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். இப்போது பணியாரம் பஞ்சு மாதிரி வருகிறது. எங்கே கோட்டைவிட்டோம் என்பதும் புரிந்தது.

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. இந்த மாவுச்சத்து குட்டிக் குட்டிப் பைகளில் கட்டி வைத்த மாதிரி கிழங்குக்குள் இருக்கிறது. வெந்ததும் பை உப்பும், ஆனால் உடையாது. அந்தப் பைகள் உடையாமல் உதிர்ந்தால் கிழங்கு பூப்போல இருக்கும். மிக்சி பிளேடு சுற்றினால் பைகள் கிழிந்து உள்ளே இருக்கிற மாவெல்லாம் வெளியே வந்து பசையாகிவிடும். மைதா கிண்டிப் பசை காய்ச்சுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். பெரியவர் சொன்னது கிண்டல் இல்லை, உண்மை! அந்தப் பசை மாவில் கலந்தால், புளித்த மாவில் இருக்கிற காற்றை மேலே எழும்ப விடாது. பணியாரம் கனமாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஆப்பச் சோடா போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

ஆகவே முதல் வேலை, சரியான கிழங்கு. தோலைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்து வருகிற புதுக் கிழங்கு குழம்புக்கும் வறுவலுக்கும் நல்லது. இதற்கு ஆகாது, தண்ணீர் அதிகம். தோல் கெட்டியான, முற்றிய கிழங்கு வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கிறதைத் தள்ளிவிட்டு மூழ்கினதை எடுக்கிறோம் இல்லையா, அதே முறைதான். 11 டம்ளர் தண்ணீரில் 1 டம்ளர் தூள் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து நிறைந்த கிழங்கு, பணியாரத்துக்கு அதை எடுக்கலாம். மிதந்தால் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழங்கை இப்படிப் பார்த்தால் அந்த மூட்டை எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கானாலும் சரி, வடநாட்டிலிருந்து லாரியில் வருவதானாலும் சரி, ஊர்ப் பெயரைப் பார்க்காமல் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பச்சை ஓடிய கிழங்கையும், நிறைய முளை விட்டதையும் வாங்காதீர்கள். அந்தப் பச்சையில் சோலனைன் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுவலி வரும். வெயில் படாமல் சாக்குக்கு அடியில் காற்றோட்டமாக வைத்தாலே பச்சை ஓடாது. பிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்புறம் கல்லில் போட்டதும் சீக்கிரம் கருகி, கசப்பு வந்துவிடும்.

அடுத்தது வேகவைப்பது. நறுக்கித் தண்ணீரில் போட்டு வேகவைத்தால் கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். தோலோடு, முழுசாக, இட்லிப் பானையில் தட்டு மேல் வைத்து ஆவியில் வேகவையுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு அரை மணி நேரம் பிடிக்கும், கத்தி குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். குக்கர் என்றால் கிழங்கு தண்ணீரில் படாமல் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததும் தோலை உரித்து, ஆறவிட்டு, அதன் பிறகு கேரட் துருவுகிற தகட்டில் மெதுவாகத் துருவுங்கள். ஆறின கிழங்கில் மாவுச்சத்து இறுகியிருக்கும், ஒட்டாது. காலையில் சமைக்கும்போதே வேகவைத்துவிட்டால் சாயங்காலத்துக்குச் சரியாக இருக்கும். முதல்நாள் ராத்திரி வேகவைத்து வெளியிலேயே வைப்பது மட்டும் வேண்டாம், கெட்டுப்போகும். துருவினதைக் கையால் பிசையவே கூடாது. ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா பழக்கதோஷத்தில் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்துவிட்டார். எல்லாரும் "ஐயோ" என்று கத்தினோம். சரி, அந்த ஈடு கனமாகத்தான் வந்தது.

மாவு புதிதாக ஒன்றும் இல்லை, வீட்டு இட்லி மாவுதான். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நன்றாகப் பொங்கிப் புளித்த மாவு 4 டம்ளர் எடுத்தால், துருவிய கிழங்கு 1 டம்ளர். இதற்கு மேல் கிழங்கைக் கூட்டினால் ருசி கூடுகிறதோ இல்லையோ, கனம் கூடிவிடும். ஆசைப்பட்டு இரண்டு டம்ளர் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறோம். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் 2 தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை ஈரம் போகிற வரை வதக்குங்கள். பச்சை வெங்காயத்தை அப்படியே போட்டால் அது விடுகிற தண்ணீரில் மாவு இளகிவிடும். வதக்கினது ஆறியதும் கிழங்கோடு சேர்த்து, மாவில் போட்டு, கரண்டியால் அடியிலிருந்து மேலாக நாலு புரட்டு. அவ்வளவுதான். அடித்துக் கலக்கினால் மாவில் இருக்கிற காற்று போய்விடும். கலந்ததை வைத்திருக்காமல் உடனே ஊற்றிவிடுங்கள்.

நன்றாகப் புளித்த மாவுக்கு ஆப்பச் சோடா தேவையே இல்லை. மழைக்காலத்தில் மாவு பொங்காவிட்டால் ஒரு சிட்டிகை போதும். கூடினால் பணியாரம் சிவந்து சோப்பு வாடை அடிக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பு எப்படியோ சோடாவும் அப்படித்தான், இரண்டிலும் சோடியம் இருக்கிறது. முட்டை சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குச் செய்யும்போது, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் நுரை எழும்ப அடித்துக் கடைசியில் புரட்டிச் சேர்க்கலாம். இன்னும் லேசாக வரும். கடையில் விற்பதற்குச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் வாங்குகிறவர்களிடம் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

கல் நன்றாகக் காய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். ஒரு குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய். மாவை முக்கால் குழிக்கு ஊற்றி மூடி, தீயை நடுத்தரமாக வையுங்கள். 2, 3 நிமிடத்தில் ஓரம் விட்டு வரும். கம்பியால் திருப்பிவிட்டு, இந்த முறை மூடாமல் வேகவிடுங்கள். மூடினால் ஆவி தங்கி மொறுமொறுப்பு போய்விடும். புது இரும்புக் கல்லாக இருந்தால் அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிச் சுட்டு, இரண்டு மூன்று நாள் பழக்கிவிட்டு ஊற்றுங்கள். பொன்னிறம் வந்தால் எடுத்துவிட வேண்டும், கருஞ்சிவப்பு வரை விட வேண்டாம். மாவுச்சத்துள்ள பண்டங்கள் அதிகச் சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாவதை 2002-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சோதனைச்சாலை விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய பொருள் அது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. டவுன் கடைகளில் வாஃபிள் என்று கட்டம் கட்டமாக ஒரு பலகாரம் விற்கிறார்கள். பெல்ஜியம் நாட்டில் பேர்போனது. இரண்டு சூடான இரும்புத் தகட்டுக்கு நடுவே மாவை ஊற்றி மூடிச் சுடுவது. இனிப்பாகவும் செய்வார்கள், உருளைக்கிழங்கு சேர்த்துக் காரமாகவும் செய்வார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினரின் மகள் அந்தக் கரண்ட் மெஷினை வாங்கி வந்திருந்தாள். விடுவோமா? நம் மாவைக் கொஞ்சம் கெட்டியாக வைத்து, தகட்டில் எண்ணெய் தடவி ஊற்றினோம். ஓரத்தில் ஆவி வருவது நின்ற பிறகுதான் திறக்க வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டாகப் பிய்ந்துவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள். பொறுத்திருந்து திறந்தோம். கட்டமெல்லாம் மொறுமொறு, உள்ளே மெத்து. பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்றார்கள். ஆனால் ஒரு ஈட்டுக்கு இரண்டுதான் வருகிறது, கரண்ட் போனால் அதுவும் இல்லை. எண்ணெய்ச் சட்டி இல்லாமல் சூட்டிலேயே சுட்டெடுக்கிற வேலையை நம் பணியாரக்கல்லும் செய்கிறது. மெஷினுக்காகக் கடன் கேட்டு யாரும் தீர்மானம் போட வேண்டாம்!

இனி எண்ணெய்க் கணக்கு. மேலே சொன்ன அளவுக்கு 7 குழிக் கல்லில் ஐந்து ஈடு, 35 பணியாரம் வந்தது. குழிக்குக் கால் தேக்கரண்டி வீதம் 9 தேக்கரண்டி, தாளிக்க 2, ஆக 11 தேக்கரண்டி. 55 மில்லி. அதே நாள் அந்தச் சகோதரி 35 போண்டாவும் போட்டார். சட்டியில் ஊற்றும் முன் எண்ணெயை அளந்தோம், ஆறின பிறகு மறுபடி அளந்தோம். 200 மில்லி டம்ளரில் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் குறைந்திருந்தது. நீங்களும் உங்கள் வீட்டில் இப்படி அளந்து பாருங்கள், கணக்கு உங்களுக்கே புரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு பெண்ணுக்கு அவர் செய்யும் வேலையைப் பொறுத்து ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கணக்குப்படி 4 போண்டா தின்றால் 20 கிராம் பக்கம் அதிலேயே போய்விடும். 4 பணியாரத்தில் 6 கிராம்தான்.

குறைந்தது போக, சட்டியில் மிஞ்சுகிற எண்ணெய் இன்னொரு தலைவலி. மறுநாளும் அதே எண்ணெய், அதற்கு மறுநாளும் அதே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. நம்மிடம் அளக்கிற கருவி இல்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். பணியாரக்கல்லில் எண்ணெய் மிஞ்சுவதே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணெய் குறைந்ததால் இது சர்க்கரை நோய்க்கு மருந்து ஆகிவிடாது. அரிசியும் கிழங்கும் மாவுச்சத்துதான். சர்க்கரை உள்ளவர்கள் 3 பணியாரத்தோடு நிறுத்தி, கூட ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடலாம். கிழங்கில் பாதியைக் குறைத்து முருங்கைக்கீரை உருவிப் போட்டும் செய்தோம், நன்றாகவே இருந்தது. அந்தச் சகோதரியிடமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

கடைக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. போண்டா ஒரே தடவையில் பதினைந்து எடுக்கலாம். பணியாரம் ஏழு எடுக்க ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். பஸ் வந்து கூட்டம் நிற்கும்போது கை ஓடாது. அவர் இப்போது 12 குழிக் கல் இரண்டு வைத்து, பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே முதல் ஈட்டை ஊற்றிவிடுகிறார். போண்டாவை முழுக்க நிறுத்தவில்லை. பாதிக்குப் பாதி. கேட்கிற ஆள் இருக்கும்போது எப்படி நிறுத்துவது என்கிறார், அதுவும் நியாயம்தான். தினசரிப் பேப்பரில் மடித்துக் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டு வாழை இலைத் துண்டில் கொடுக்கிறார். அச்சு மை வயிற்றுக்குள் போகக் கூடாது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், விண்ணப்பம் போட நாங்கள் உதவுகிறோம்.

பெரியவர் திரும்ப வந்தாராம். நாலு வாங்கித் தின்றுவிட்டு, "இன்னிக்குப் பசை தீந்து போச்சா?" என்று கேட்டுவிட்டு இன்னும் நாலு கட்டிக்கொண்டு போனாராம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து செய்து பார்க்கலாம். கிழங்கு நாங்கள் வாங்கி வருகிறோம். புளித்த மாவும் பணியாரக்கல்லும் இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். கல்லில் வீட்டுப் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள், போன தடவை மாறிப்போன இட்லித் தட்டு இன்னும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது.