உறைகுளிரில் உறங்கும் எஞ்சின்

வெப்ப நாடுகளில் வாழ்வோர்க்கு எஞ்சினைப் பற்றிய கவலை பெரும்பாலும் ஒன்றே: அது அளவுக்கு மிஞ்சிச் சூடேறிவிடுமோ என்பது. கனடாவின் வடபுலத்திலும் அலாஸ்காவிலும் சிறிய ஆகாய விமானங்களை ஓட்டுவோரின் கவலை இதற்கு நேர்மாறானது. அங்கே பனிக்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30, 40 பாகை செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. இரவு முழுவதும் வெளியே நின்ற விமானம் காலையில் பறக்க வேண்டுமாயின், முதலில் அதன் எஞ்சினுக்கு வெப்பமூட்ட வேண்டும்.

இதற்குரிய காரணங்கள் பல. மலைநாட்டுக் குளிரில் போத்தலில் உள்ள தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். எஞ்சின் எண்ணெயும் கடுங்குளிரில் தடித்து, கூழ்போல் ஆகிவிடுகிறது. அது குழாய்களின் வழியே எளிதில் ஓடாது. பெற்றோலும் குளிரில் நன்கு ஆவியாவதில்லை. ஆவியாகாத பெற்றோல் தீப்பற்றுவதும் அரிது. எஞ்சினைச் சுழற்ற வழக்கத்திலும் கூடிய வலு வேண்டியிருக்கும் அவ்வேளையிலேதான் பற்றரியும் தன் வலுவை இழந்து நிற்கிறது.

இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்றுண்டு. எஞ்சினின் வெளிக்கூடு அலுமினியத்தால் ஆனது; உள்ளே சுழலும் தண்டோ உருக்கினால் ஆனது. குளிரில் அலுமினியம் உருக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். ஆகவே தண்டுக்கும் அதைத் தாங்கும் தாங்கிகளுக்கும் இடையே எண்ணெய் தங்குவதற்கென விடப்பட்ட சிறு இடைவெளி மேலும் குறுகிவிடுகிறது. ஒருபுறம் எண்ணெய் வந்து சேரத் தாமதம். மறுபுறம் அது தங்குவதற்கு இடமும் இல்லை. இந்நிலையில் எஞ்சினை வலிந்து இயக்கினால், சில நிமிடங்களுக்குள் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பெருந்தேய்மானம் உண்டாகும். அன்று அது வெளியே தெரியாமற் போகலாம். பின்னொருநாள் நடுவானில் தெரியவரலாம். எஞ்சின் இயங்கத் தொடங்கியதனாலேயே அது பறக்கத் தகுதி பெற்றுவிட்டது என்று கொள்வது தவறு.

முற்காலத்து வடபுல விமானிகள் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். மாலையில் விமானம் இறங்கியதும், எண்ணெய் சூடாக இருக்கும்போதே அதைத் தகரத்தில் வடித்து வீட்டுக்குள் எடுத்துச் செல்வர். விடிந்ததும் எஞ்சினைத் தரைவரை தொங்கும் தடித்த கன்வஸ் துணியால் மூடி, அதனுள்ளே அடுப்பொன்றை ஏற்றி வைப்பர். சூடு ஏறிய பின், அடுப்பில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி எஞ்சினை இயக்குவர். எண்ணெய்க் கறை படிந்த துணி, பெற்றோல் ஆவி, கீழே நெருப்பு! தீயணைக்கும் கருவியுடன் ஒருவர் அருகிலேயே காத்திருக்க வேண்டும். காவல் தவறியதால் எரிந்துபோன விமானங்களும் உண்டு.

இத்தனை பாடும் எதற்காக? 1928ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவின் அல்பேட்டா மாகாணத்து வடகோடியில், டிப்தீரியா என்னும் கொடிய தொண்டைநோய் தோன்றியது. 1929 ஜனவரி 2ஆம் திகதி வொப் மே, விக் ஹோனர் என்னும் இருவர், மேற்கூரையற்ற சிறு விமானமொன்றில் நோய்முறி மருந்தை ஏற்றிக்கொண்டு எட்மண்டனிலிருந்து புறப்பட்டனர். இரவு வழியில் தங்கி, மறுநாள் போட் வெர்மிலியனை அடைந்தனர். அத்தகைய பயணத்தில், காலையில் எஞ்சின் இயங்குமா என்ற கேள்வி நோயாளிகளின் உயிரோடு பிணைந்தது.

இன்று மின்வெப்பத் தகடுகளை எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் ஒட்டிவிடுகின்றனர். வெப்பக்காற்றை ஊதும் கருவிகளும் உள்ளன. எஞ்சின் செய்யும் நிறுவனங்களுள் கொன்டினென்டல் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 7 பாகையிலும், லைக்கொமிங் தன் பெரும்பாலான எஞ்சின்களுக்குச் சுமார் 12 பாகையிலும் முன்வெப்பம் அவசியம் என்கின்றன. மேற்பகுதியை மட்டும் சிறிது நேரம் சூடாக்கினால் எஞ்சின் இயங்கிவிடும். ஆனால் கீழேயுள்ள எண்ணெயும் உள்ளேயுள்ள தாங்கிகளும் குளிர்ந்தே கிடக்கும். வெப்பம் உள்ளே ஊறிப் பரவப் பொறுமை வேண்டும்.

இயக்கும்போதும் அவதானம் தேவை. பெற்றோலை மிகுதியாகச் செலுத்தினால், அது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தீப்பிடிக்கவும் ஏதுவாகும். எஞ்சின் ஓரிருமுறை வெடித்து நின்றுவிட்டால், எரிதலால் உண்டான நீராவி பிளக்குகளில் பனியாக உறையும். பின்னர் அவற்றைச் சூடாக்கும்வரை தீப்பொறி பிறவாது. எஞ்சின் இயங்கியபின் விமானி முதலில் நோக்குவது எண்ணெய் அமுக்கமானியையே. அதன் முள் உரிய நேரத்துள் எழாவிடின், தாமதியாது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

தரையில் பொறுமையோடு கழிக்கும் ஒரு மணி நேரம், ஆளரவமற்ற பனிவெளியின்மேல் பறப்பவனுக்குப் பெருங்காப்பாகும்.