கிறிஸ்துமஸ் மார்க்கெட் போறீங்களா? ஊருக்கு முன்னாடி தேதியைப் பாருங்க

டிசம்பர் ட்ரிப் பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்குவோம். அதுக்குப் பதில் சொன்னா பாதிப் பேருக்குப் பதில் கிடைச்சிடும்.

ஜெர்மனியில ஃபிராங்க்ஃபர்ட்ல வேலை பார்க்கிற ஒரு நேயர் எழுதியிருக்காங்க. "அம்மா முதல் தடவையா ஊர்ல இருந்து டிசம்பர் 18-ஆம் தேதி வர்றாங்க. எனக்கு லீவு 26-லிருந்து 29 வரைக்கும்தான். கையில காசு அளவாத்தான் இருக்கு. அம்மாவுக்கு முட்டி வலி வேற. நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் மார்க்கெட்டைக் காட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. மூணு ராத்திரி போதுமா?"

மூணு ராத்திரி தாராளம். ஆனா அந்தத் தேதியில நியூரம்பெர்க் போனா, கடை பிரிச்ச சதுக்கத்தைத்தான் பார்ப்பீங்க. அங்கே மார்க்கெட் டிசம்பர் 24 மதியத்தோட முடிஞ்சிடும்.

ஏன் பண்டிகைக்கு முன்னாடியே மூடுறாங்க?

பேரு கிறிஸ்துமஸ் மார்க்கெட்டா இருந்தாலும், இது அட்வென்ட் காலத்துச் சந்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலத்துக்குத்தான் அட்வென்ட்னு பேரு. பண்டிகைக்கு வேண்டியதை மக்கள் முன்கூட்டியே வாங்குவதற்காக வந்த சந்தைகள் இவை. டிரெஸ்டன் நகரின் ஷ்ட்ரீட்செல்மார்க்ட் 1434-ல் தொடங்கியபோது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரே ஒரு நாள் மட்டும் நடந்த இறைச்சிச் சந்தையாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் கடையைத் தேடிப் போறவங்க யாரு? அதே கணக்குதான் இங்கேயும்.

அதோட, ஜெர்மனியில 25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை. 24 மதியத்துக்கு மேல சூப்பர் மார்க்கெட்கூட திறந்திருக்காது. அதனால விமான டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த ஊர் அழகு?" இல்லை. "எனக்கு லீவு 24-க்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடின்னா நியூரம்பெர்க், கொலோன், டிரெஸ்டன், பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க்னு எல்லாமே உங்க கையில. பின்னாடின்னா பட்டியல் சட்டுனு சுருங்கிடும். வியன்னாவில் நகர மன்றத்துக்கு முன்னால் நடக்கும் ராட்ஹவுஸ்பிளாட்ஸ் சந்தை 26 வரைக்கும் இருக்கும். ஷேன்ப்ருன் அரண்மனை வாசல் சந்தை புத்தாண்டைத் தாண்டியும் நடக்கும். பிராகாவின் பழைய நகரச் சதுக்கத்தில் ஜனவரி 6 வரைக்கும் கடை உண்டு. பெர்லினிலும் சில சந்தைகள் மாதக் கடைசி வரை ஓடும். ஒவ்வொரு வருஷமும் தேதி கொஞ்சம் நகரலாம். அதனால அந்த ஊரோட அதிகாரபூர்வ பக்கத்தைப் பார்த்துட்டுப் பணம் கட்டுங்க.

கூட யார் வர்றாங்க?

இது ரெண்டாவது கேள்வி. இன்ஸ்டா ரீல்ல இதைக் காட்டவே மாட்டாங்க. இந்தச் சந்தைகள்ல உட்கார இடம் ரொம்பக் கம்மி. நெஞ்சு உயர மேஜையைச் சுத்தி நின்னுதான் சாப்பிடணும், குடிக்கணும். கீழே பெரும்பாலும் கருங்கல் பாவிய தரை. குளிர் சுமார் 0-லிருந்து 5 டிகிரி. பனி பெய்யும்னு எந்த உத்தரவாதமும் இல்லை, மழை பெய்ய நல்ல வாய்ப்பு இருக்கு. கழிப்பறைக்குச் சில்லறை கையில வச்சுக்கணும். இருபத்தஞ்சு வயசுல இதெல்லாம் ஜாலி. முட்டி வலியோட வர்ற அம்மாவுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல தாங்காது.

அதனால அம்மா அப்பாவோட போறவங்க, சந்தைக்குப் பக்கத்துலயே உட்கார ஒரு சூடான இடமும், வாசல்ல டிராமும் இருக்கிற ஊரா பாருங்க. அந்த வகையில வியன்னாவை அடிச்சுக்க ஆள் இல்லை. ராட்ஹவுஸ்பிளாட்ஸ் எதிர்லயே டிராம் நிக்கும். காபி ஹவுஸ்ல ஒரே ஒரு காபி வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க. பிராகாவும் ரொம்ப அழகான ஊர்தான். 1410-லிருந்து இருக்கிற வானியல் கடிகாரம் சதுக்கத்துலயே இருக்கு. ஆனா பழைய நகரம் முழுக்கக் கல் தரை. முட்டிக்கு ஆகாது.

நாலு மணிக்கு மேல என்ன பண்ணுவீங்க?

டிசம்பர்ல இந்த ஊர்கள்ல சாயங்காலம் நாலு மணியை ஒட்டி இருட்டிடும். சந்தைக்கு அதுதான் அழகு, விளக்கு எரியறப்பதான் உயிரே வரும். ஆனா எந்தச் சந்தையும் ரெண்டு மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும். மிச்ச நேரத்துக்கு ஊர்ல என்ன இருக்கு? சின்ன ஊர்கள் போட்டோவுல ஜோரா இருக்கும், ரெண்டாவது நாள் போரடிக்கும். ஒரு நாள் மட்டும் கையில இருந்தா கொலோன் சரி. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து வெளிய வந்தா கதீட்ரல், அதைச் சுத்தி வந்தா சந்தை. மூணு நாள்னா பெரிய ஊர்தான் காப்பாத்தும்.

24-க்கு முன்னாடி லீவு கிடைக்கிறவங்களுக்கு நான் சொல்றது நியூரம்பெர்க்தான். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைக் கடைகள், ஒரு பன்னுக்குள்ள மூணு விரல் அளவு சாசேஜ், அப்புறம் லெப்கூகன்னு ஒரு மசாலா கேக். பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசனை நமக்கு எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கும். காரணம் இருக்கு. நியூரம்பெர்க் ஒரு காலத்தில் மசாலா வணிகத்தில் பெரிய நகரம். மலபார் மிளகும் இலங்கைப் பட்டையும் கடல் கடந்து போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அங்கே சந்தையைத் திறந்து வைப்பது கிறிஸ்ட்கிண்ட் வேடம் போடும் ஓர் இளம்பெண். பொன்னிறச் சுருள் முடி, தங்கக் கிரீடம் வச்சுக்கிட்டு தேவாலய மாடத்திலிருந்து பேசுவாங்க. 2019-ல் தேர்வான பெண்ணோட அப்பா இந்தியாவில் பிறந்தவர். ஒரு அரசியல் கட்சியின் கிளை அதைப் பத்தி இனவெறியோட பதிவு போட்டது. எதிர்ப்பு பலமா கிளம்பி, பதிவை நீக்க வேண்டி வந்தது. அந்தப் பொண்ணு அந்த மாடத்துல ஏறி நின்னு சந்தையைத் திறந்து வச்சாங்க. அங்கே போறப்ப மேல நிமிர்ந்து அந்த மாடத்தை ஒரு தடவை பாருங்க.

காசு எங்கே போகும்?

பெரும்பகுதி ரூம் வாடகைக்குத்தான் போகும். அட்வென்ட் வெள்ளி, சனியில வாடகை எகிறும், கூட்டமும் நெரியும். திங்கள்லிருந்து வியாழனுக்குள்ள போனா ரெண்டுமே குறையும். அடுத்து, சூடான பானம் வாங்கினா கப்புக்கும் சேர்த்து டெபாசிட் வாங்குவாங்க. கப்பைத் திருப்பிக் கொடுத்தா காசு திரும்பும், பிடிச்சிருந்தா நினைவுக்கு வீட்டுக்கே எடுத்துட்டு வரலாம். க்ளூவைன் மது. வேண்டாம்னா கிண்டர்புன்ஷ் கேளுங்க, பழச்சாறுல மசாலா போட்டது. சைவக்காரங்களுக்கு வறுத்த கஷ்கொட்டை, சர்க்கரைப் பாகு பூசின பாதாம் உண்டு. உருளைக்கிழங்கு அடை மாதிரி ஒண்ணும் கிடைக்கும், முட்டை சேர்ப்பாங்களான்னு கேட்டுக்கோங்க. பிராகாவில் யூரோ கிடையாது, கொருனா. கடைக்காரர் யூரோ வாங்கிப்பேன்னு சொன்னாலும் அந்த மாற்று விலை உங்களுக்குத்தான் நஷ்டம்.

இப்ப நம்ம ஃபிராங்க்ஃபர்ட் நேயருக்கு. அம்மா வந்த களைப்பு தீர்ந்ததும், 22-க்குள்ள ஒரு நாள் வேலை முடிஞ்சு உங்க ஊர் ரோமர்பெர்க் சந்தைக்கே கூட்டிட்டுப் போங்க. ரூம் செலவு இல்லை, கால் வலிச்சா வீடு பக்கம். 26 காலையில வியன்னாவுக்கு ரயில். ஆறரை மணி நேரத்துக்கு மேல ஆகும், டிக்கெட்டை இப்பவே போடுங்க. அன்னைக்கு ராத்திரி ராட்ஹவுஸ்பிளாட்ஸோட கடைசி விளக்குகளைப் பார்த்துடலாம். 27 ஷேன்ப்ருன், 28 காபி ஹவுஸும் டிராமும், 29 வீடு. அம்மாவோட ஷெங்கன் விசா ஆஸ்திரியாவுக்கும் செல்லும், விசா தேதி 29-ஐத் தாண்டி இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

நியூரம்பெர்க்கை விட்டுட வேண்டாம். அடுத்த வருஷ லீவுக்கு எழுதிக் கொடுக்கும்போது, டிசம்பர் முதல் ரெண்டு வாரத்துல ஒரு செவ்வாய், புதன் கேளுங்க. ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ஸ்வெட்டரை மறக்காதீங்க!