இருமல் நின்ற பிறகும் ஏன் மாத்திரை?

காசநோய்க்கு மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்கு இருமல் தணிந்துவிடுகிறது. சாயங்காலம் தவறாமல் வந்துகொண்டிருந்த காய்ச்சல் விடுகிறது. பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, வேலைக்குப் போகலாம் என்ற தெம்பு வருகிறது. ஆனால் மாத்திரையை ஆறு மாதம் முழுக்கச் சாப்பிடச் சொல்கிறார்கள். “உடம்புதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?” என்று நோயாளி கேட்பது நியாயமான கேள்வி. “சொன்னதைச் சாப்பிடுங்க” என்பது அதற்குப் பதிலாகாது. பாதியில் நிறுத்துகிறவர்களைக் குறை சொல்லும் முன், அந்தக் கேள்விக்கு நாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

பதிலைக் கிருமியிலிருந்து தொடங்கலாம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்த நாள்தான் இன்று உலகக் காசநோய் தினம். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளோடு கிருமி அடுத்தவரின் நுரையீரலுக்குள் இறங்குகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு அதை விழுங்குகிறது. மற்ற கிருமிகளின் கதை அநேகமாக அதோடு முடிந்துவிடும். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த மேலுறை உண்டு. விழுங்கிய அணுவால் அதை எளிதில் செரிக்க முடிவதில்லை. செரிக்க வந்த அணுவுக்குள்ளேயே குடியேறி, அது மெல்லப் பெருகத் தொடங்குகிறது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமிக்கோ சுமார் 20 மணி நேரம் வேண்டும்.

அந்த மெத்தனம் உடலுக்கு அவகாசம் தருகிறது. சில வாரங்களில் எதிர்ப்பணுக்கள் கிருமி இருக்கும் இடத்தைச் சூழ்ந்து ஒரு சிறு முடிச்சாகக் கட்டிவிடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் அதோடு அடங்கிவிடும். இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பிறருக்குப் பரவுவதும் இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம்தான். தொற்று வேறு, நோய் வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வியாதி அரிது.

முடிச்சு தளர்ந்தால்தான் நோய். எச்ஐவி, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், குடி, புகை, கல்லுடைக்கும் இடத்துத் தூசு, எல்லாவற்றுக்கும் மேலாக அரைவயிற்றுச் சாப்பாடு ஆகியவை அதைத் தளர்த்துகின்றன. முடிச்சின் நடுப்பகுதி அழுகிப் பாலாடைக்கட்டி போலாகி, மூச்சுக்குழாய்க்குள் உடைகிறது. உள்ளே இருந்தது வெளியேறிய இடத்தில் ஒரு பொந்து உண்டாகிறது. இந்தச் சிதைவில் கிருமியின் வேலையை விட, அதை எதிர்க்கும் உடலின் ஆவேசத்துக்கே பெரும் பங்கு. காற்றோட்டமுள்ள அந்தப் பொந்தில் கிருமிகள் தாராளமாகப் பெருகி, இருமும்போது சளியோடு வெளியேறுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

சாயமேற்றிய சளியை நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். ஒரு மில்லி சளியில் சில ஆயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். எனவே ஒரு முறை ‘இல்லை’ என்று வந்ததை வைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை, குறைந்த அளவிலும் அதைக் கண்டுபிடித்துவிடும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும்.

காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்தே தருகிறார்கள். ஏன் ஒரே மருந்து போதாது? 1940களின் கடைசியில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைச் சோதித்தார்கள். ஆறு மாத முடிவில், ஊசி போட்டுக்கொண்ட 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேர். பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் பெருமளவு சுருங்கிவிட்டது. பலரது உடலில் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகியிருந்தது.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். கிருமிகள் பெருகும்போது தற்செயலான மரபணு மாற்றங்கள் நேர்கின்றன. சுமாராகப் பத்து லட்சத்தில் ஒன்று ஐசோநியாசிட் என்ற மற்றொரு மருந்துக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் அடங்காததாக அமைந்துவிடும். ஒரு பொந்தில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அப்படியானால் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே, ஐசோநியாசிட்டுக்கு மசியாத நூறு கிருமிகள் அங்கே இருக்கின்றன. அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும். இந்த நூறும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி கோடிக் கோடியில் ஒன்று. எந்த நுரையீரலிலும் அத்தனை கிருமிகளுக்கு இடமில்லை. கூட்டு மருந்தின் அடிப்படை இதுதான். இருக்கிற மாத்திரையில் பாதியை மட்டும் விழுங்குவது, விட்டுவிட்டுச் சாப்பிடுவது எல்லாம் இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகின்றன.

இப்போது ஆறு மாதத்துக்கு வருவோம். முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் தரப்படுகின்றன. எடைக்குத் தக்கபடி தினமும் இத்தனை மாத்திரை என்று கணக்கு. விறுவிறுவென்று பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை ஐசோநியாசிட் முதல் சில நாட்களிலேயே கொன்று குவிக்கிறது. இருமல் தணிவதும், தொற்றும் அபாயம் வேகமாகக் குறைவதும் அதன் பலன். மிஞ்சுகிறவை வேறு ரகம். வீங்கிய திசுவின் அமிலச் சூழலில் ஒடுங்கிக் கிடப்பவற்றைப் பைரசினமைடு கவனிக்கிறது. இன்னும் சில கிருமிகள் கிட்டத்தட்ட உறங்குகின்றன. பெரும்பாலான மருந்துகள், கிருமி பெருகும் நேரம் பார்த்துத்தான் அதைத் தாக்க முடியும். உறங்குகிறவை எப்போதாவது விழித்துச் சிறிது நேரம் இயங்கும்போது ரிஃபாம்பிசின் ரத்தத்தில் இருந்தாக வேண்டும். எந்தக் கிருமி எந்த நாளில் விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாவது மாதத்தில் நலமாக இருக்கிறவர் விழுங்கும் மாத்திரை அந்த விழிப்புக்காகக் காத்திருக்கிறது.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால்; பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி விடாமல் இருந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை மாற்றித் தர வழி இருக்கிறது.

இந்தச் சிகிச்சை நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1950கள் வரை காசநோயாளி என்றால் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்ப்பதுதான் வழக்கம். தாம்பரத்தில் அப்படியொன்று அமைந்த பகுதிக்கும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கும் இன்றும் அந்தப் பெயர்தான். சானடோரியங்களில் கிடைத்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எட்டாதவை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளை ஓராண்டு தந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வு குறைவு, இடம் நெருக்கடி, சாப்பாடும் மட்டம். 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்று வந்ததாகவும் தெரியவில்லை. தொற்ற வேண்டியது சிகிச்சைக்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய ஒருவரைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று மாதக்கணக்கில் ஒதுக்குவதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. அதை இன்னும் செய்கிற வீடுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

‘அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா?’ என்று சென்னை ஆய்வைப் படிப்பவருக்குத் தோன்றலாம். கிருமியை மருந்து கொல்லும் என்பது மட்டும்தான் அந்த ஆய்வு காட்டியது. தொற்று, நோயாக மாறுமா என்பதைத் தீர்மானிக்கும் முடிச்சைக் கட்டுவது உடல். அதற்குச் சோறு வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவை கிடைக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால், புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது.

காசநோயாளிகளின் சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், மற்றவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தரும் ஏற்பாடும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக உண்டு. மருத்துவமனைக்குப் போகும்போது நோயாளியை மட்டும் அனுப்பாமல் வீட்டார் எல்லோரும் சேர்ந்தே போய்விட்டு வரலாம்.