8025 முதல் 8400 வரை

வெள்ளத்தில் மூழ்கிய வயல்களை விண்ணிலிருந்து படமெடுக்கிறதே ஒரு செயற்கைக்கோள், அந்தப் படம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது தெரியுமா? 8025 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 8400-இல் முடிந்துவிடும் ஓர் ஒடுக்கமான அலைவரிசைப் பட்டை வழியாக! எக்ஸ் பேண்ட் என்பார்கள். உலக நாடுகளின் புவிநோக்குச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இந்த 375 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் படங்களைக் கொட்டுகின்றன. இடத்தை யார் பங்கு பிரித்தார்கள் என்று எட்டிப்பார்த்தால், அடடா, உள்ளே ஒரு தனி உலகமே இருக்கிறது!

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக வானொலித் தொடர்பு மாநாட்டைக் கூட்டும். ஏறக்குறைய நான்கு வாரம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். வரைவில் ஒத்துவராத சொற்களையெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். பிறகு சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து, இரவானாலும் விடாமல் பேசிப் பேசி அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான் வேலை. எடுத்தாயிற்றா? வாசகம் நீலத் தாளாகப் பொது அவைக்கு வரும், முதல் வாசிப்புக்கு. இரண்டாம் வாசிப்புக்கு இளஞ்சிவப்புத் தாள்! ஓட்டெடுப்பு அபூர்வம். எல்லாரும் இணங்கும்வரை பேச்சுதான்.

எல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது வானொலி ஒழுங்குவிதிகளில் உள்ள ஒரு நீண்ட அட்டவணையில். ஆங்கிலப் பதிப்பில் ஒரு சேவையின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் அதற்கு முதன்மை உரிமை. சிறிய எழுத்தென்றால் இரண்டாம் நிலை. முதன்மைக்காரரால் இடைஞ்சல் வந்தாலும் முறையிட முடியாது. அச்செழுத்தில் அடங்கியிருக்கிறது ஒரு செயற்கைக்கோளின் உரிமை!

2015 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் நடந்ததைக் கேளுங்கள். படம் இறங்க எக்ஸ் பேண்ட் இருந்தது. ஆனால் செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்பும் 2025–2110 மெகாஹெர்ட்ஸில் ஒரே நெரிசல். அதனால் 7190–7250 மெகாஹெர்ட்ஸை, தரையிலிருந்து மேலே செல்லும் திசைக்கு, முதன்மை உரிமையோடு கொடுத்தார்கள். கூடவே 5.460ஏ என்றோர் அடிக்குறிப்பு: தடமறிதல், தொலையளவீடு, கட்டளை ஆகிய மூன்றுக்கு மட்டுமே. இந்த அடிக்குறிப்புகள்மேல் எனக்குத் தனிக் காதல். வருடக்கணக்கான ஆய்வும் வாதமும் ஒன்றிரண்டு வரியில் அடங்கிக் கிடக்கும்.

படம் இறங்கும் பட்டையின் பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? 8400-க்கு அந்தப் பக்கம், 8450 வரை, ஆழ்விண்வெளிக் கலங்களின் இடம். 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வாயேஜர் 1 பேசுவது அங்கேதான், இருபது வாட் சொச்சத்தில்! நம் தலைக்கு மேலே 700 கிலோமீட்டரில் பறக்கும் செயற்கைக்கோளின் அலை எல்லை தாண்டிச் சிந்தினால் அந்த முணுமுணுப்பு அமுங்கிவிடும். ஆகவே படமெடுக்கும் கோள்கள் தங்கள் அலை வெளியே கசியாதபடி வடிகட்டிகளைச் சுமந்தே பறக்கின்றன. எனக்கு இதைவிட அழகான அக்கம்பக்கம் தெரியாது.

தரையில் என்ன நடக்கிறது? ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் தேசிய தொலையுணர்வு மையத்தின் நிலையம். கோள் அடிவானத்தில் எழுந்ததும் டிஷ் ஆன்டெனா அதைப் பிடித்துக்கொண்டு, எதிர் அடிவானம்வரை விடாமல் திரும்பும். மொத்தமே பத்து நிமிடம் போல! அதற்குள் அத்தனை படமும் இறங்கியாக வேண்டும். 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோள் செய்த வித்தையைப் பாருங்கள்: ஒரே அலைவரிசையில் ஓர் அலையை வலமாகவும் இன்னொன்றை இடமாகவும் சுழலவிட்டு, வினாடிக்கு 640 மெகாபிட் இறக்கியது. கிடைத்த இடமோ கொஞ்சம், அதை இரண்டாக்கிவிட்டார்கள்!

இப்போது பரபரப்பு ஷாங்காய் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே கூடவிருக்கும் 2027 மாநாட்டின் நிகழ்ச்சிநிரல் 1.7, அடுத்த தலைமுறைக் கைபேசிகளுக்காக 7125–8400 மெகாஹெர்ட்ஸைப் பரிசீலிக்கிறது. கட்டளை ஏறும் வழியும் படம் இறங்கும் வழியும் அதற்குள்ளேயே வருகின்றன! ஒன்றியத்தின் பிரிவினைப்படி பிராந்தியம் மூன்றில் இருக்கும் இந்தியாவுக்கும் இது நேரடி விவகாரம். கைபேசிக் கோபுரம் தரைநிலைய ஆன்டெனாவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும்? ஆய்வுக்குழுக்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். அந்த விடை எந்த அடிக்குறிப்பில் வந்து உட்காரப்போகிறது என்று பார்க்க எனக்கு ஆவல் தாங்கவில்லை.