கடிகாரம் காட்டும் கலோரி: எவ்வளவு நம்பலாம்?

மறுபரிசோதனைக்கு வருவோரில் பலர் இப்போது மணிக்கட்டில் உடற்பயிற்சிக் கடிகாரம் அணிந்து வருகின்றனர். "இன்றைய நடையில் 240 கலோரி எரிந்திருக்கிறது, மாலையில் அதற்கு ஈடாகச் சிற்றுண்டி சாப்பிடலாமா?" என்று சிலர் எங்களிடம் கேட்கின்றனர். "300 என்று காட்டும்வரை அப்பாவை உட்கார விடுவதில்லை" என்று பெருமையுடன் கூறும் பிள்ளைகளும் உண்டு. இரண்டுமே நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால் கடிகாரம் காட்டும் எண் அளந்து பெற்றதன்று. அது ஒரு கணிப்பு மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாமல் உணவையோ மருந்தையோ மாற்றினால் தீங்கு நேரலாம். எனவே இதைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

உண்மையான அளவீடு எது?

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலையே உணவுப் பொட்டலங்களில் நாம் ஒரு கலோரி என்று படிக்கிறோம். அதன் முறையான பெயர் கிலோகலோரி. உடல் செலவிடும் ஆற்றல் இறுதியில் பெரும்பாலும் வெப்பமாக வெளியேறுகிறது. பிரெஞ்சு அறிவியலாளர்களான லவாய்சியரும் லாப்லாசும் 1780-களில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்து, உருகிய நீரின் அளவைக் கொண்டு அதன் உடல் வெப்பத்தைக் கணக்கிட்டனர்.

இன்று ஆய்வுக்கூடங்களில் மூச்சே அளக்கப்படுகிறது. பயிற்சி செய்பவரின் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் பொருத்தி, அவர் உட்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் கருவி பதிவு செய்கிறது. உடல் பயன்படுத்தும் ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனுக்கும் சுமார் 5 கலோரி செலவாகிறது. ஒரு குறிப்பிட்ட பயிற்சியில் எரியும் கலோரியை அறிய இதுவே நம்பகமான முறை. இதைத் தெருவிலும் பூங்காவிலும் அன்றாடம் செய்ய இயலாது என்பதால்தான் கடிகாரத்தை நாடுகிறோம்.

கடிகாரம் எதை அளக்கிறது?

கடிகாரம் மூச்சை அளப்பதில்லை. அதன் அடிப்புறத்திலுள்ள பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித்துடிப்பை எண்ணுகிறது. உள்ளிருக்கும் அசைவுணரி கையின் அசைவைப் பதிவு செய்கிறது. நீங்கள் பதிந்து வைத்த வயது, பாலினம், உயரம், எடை ஆகியவற்றுடன் இவற்றைச் சேர்த்து, ஒரு சூத்திரத்தின் வழியே கலோரியை ஊகிக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். நாடித்துடிப்பைப் பொறுத்தவரை, ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்கும் குறைவு. கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழை செய்தது. மிக மோசமானதன் பிழை 93 சதவீதம். கருவிகள் அதன்பின் மாறியுள்ளன. ஆயினும் நாடியிலிருந்து கலோரியை ஊகிக்கும் அடிப்படை மாறவில்லை.

நோயாளிகளிடம் பிழை ஏன் கூடுகிறது?

உழைப்பு மிகுந்தால் நாடியும் அதற்கேற்ப உயரும் என்பதே இச்சூத்திரங்களின் அடிப்படை. நோயும் மருந்தும் இந்தத் தொடர்பைக் குலைத்துவிடுகின்றன.

இருதய நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் தரப்படும் மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் நாடித்துடிப்பு உயர்வதைத் தடுக்கின்றன. உடல் நன்றாக உழைத்தாலும் கடிகாரம் குறைவாகவே காட்டக்கூடும். மாறாக இரத்தசோகை, காய்ச்சல், கடும் வெயில், மனப்பதற்றம் ஆகியவற்றில் நாடி வேகமாகத் துடிப்பதால், எரியாத கலோரியும் எரிந்ததாகக் கணக்கில் ஏறும். நாடித்துடிப்பு ஒழுங்கற்று இருப்போரிடம் துடிப்பின் எண்ணிக்கையே தவறக்கூடும்.

பக்கவாதத்துக்குப் பின் காலை இழுத்து நடப்பவர், அதே வேகத்தில் நடக்கும் மற்றவரைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறார். இது கடிகாரத்துக்குத் தெரியாது. ட்ரெட்மில்லின் கைப்பிடியில் உடல் பாரத்தைச் சாய்த்து நடந்தால் உழைப்பு குறைகிறது. இயந்திரமோ வேகத்தையும் சரிவையும் மட்டும் கொண்டு கணக்கிட்டு, கூடுதலாகக் காட்டுகிறது.

ஒரு சிறு கணக்கு

மருத்துவத்தில் உழைப்பை மெட் என்ற அலகால் குறிப்பிடுகிறோம். அமைதியாக அமர்ந்திருக்கையில் ஆகும் செலவு 1 மெட். அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி. சமதளத்தில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது ஏறத்தாழ 3.5 மெட்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் அவ்வாறு அரைமணி நேரம் நடந்தால், 3.5 × 60 × 0.5 = 105 கலோரி. ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் வெறுமனே அமர்ந்திருந்தாலும் 30 கலோரி செலவாகியிருக்கும். ஆகவே நடையினால் கூடுதலாகச் செலவானது 75 கலோரி மட்டுமே. பல கருவிகள் முழுத்தொகையையே காட்டுகின்றன. இக்கணக்கும் தோராயமானதே; முதியோரிடமும் உடல் பருமன் உள்ளோரிடமும் ஓய்வுநிலைச் செலவு இதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. எரிந்த கலோரிக்கு ஈடாக வடையோ போண்டாவோ உண்டால், நடை ஈட்டியதைவிட அதிகமாகவே உடலில் சேர்ந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

செய்யக்கூடாதவை

கடிகார எண்ணைக் கொண்டு உணவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குறிப்பாக, இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவைத் தாமாக மாற்றலாகாது. உணவைத் தவிர்க்கவும் கூடாது. அவர்களுக்கு வழிகாட்டுவது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையே. இவர்கள் நடைக்குச் செல்லும்போது குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடன் வைத்திருக்க வேண்டும். பீட்டா பிளாக்கரும் எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை தாழும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். காரணமற்ற வியர்வையை எச்சரிக்கையாகக் கொள்க.

இலக்கு எண்ணை எட்டுவதற்காகக் களைத்தவரை மேலும் நடக்க வைக்க வேண்டாம். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி அமர வேண்டும். அறிகுறி தணியாவிடில் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வருக.

எதை அளந்தால் பயன்?

முதலாவது, நேரம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சிகிச்சையில் இருப்போர் எத்தனை நிமிடத்தில் தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக.

இரண்டாவது, பேச்சு. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாத நிலையே மிதமான உழைப்பு. பேச்சே தடைபட்டால் வேகம் மிகுதி. நாடியை அடக்கும் மருந்து எடுத்துக்கொள்பவருக்கும் இச்சோதனை பொருந்தும்.

மூன்றாவது, எடை. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே எடைக்கருவியில் பார்த்துக் குறித்துக்கொள்க. இருதயச் செயலிழப்பு உள்ளோர் தினமும் பார்க்க வேண்டும். மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் உடலில் தேங்கிய நீராகவே இருக்கும். உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கடிகாரத்தைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அதே கருவியை, அதே பாதையில், அதே கையில் அணிந்து, சென்ற மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிடுக. பக்கத்து வீட்டாரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் எடை மாறும்போது கருவியிலும் மாற்றிப் பதிக.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது நடந்த நிமிடங்கள், மூச்சின் நிலை, எடை, சர்க்கரை அளவு ஆகியவற்றைக் குறித்த ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். மருந்தையும் பயிற்சியையும் திருத்தி அமைக்க, கடிகாரத்தின் கலோரிக் கணக்கைவிட அந்தக் குறிப்புகளே எங்களுக்குப் பெரிதும் உதவும்.