டி.டி.எல். தெரியுமா தம்பி?

"கம்ப்யூட்டர் படிச்ச பையனுக்கு எங்கீங்க வேலை?" என்று தாராபுரத்தில் யாரைக் கேட்டாலும், "பெங்களூரு போகோணுமுங்க!" என்பார்கள். அங்கே ஜாவா க்யூ, பைத்தான் க்யூ என்று எல்லாமே நீளம். நான் சொல்லும் க்யூவில் ஆள் கம்மி. தூரமும் கம்மி. ஐம்பது கிலோமீட்டரில் திருப்பூர்!

டேலி தெரியும்தானே? 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய கம்பெனியின் கணக்கு மென்பொருள். அதை நம் வசதிக்கு வளைக்கிற பாஷைதான் 'டேலி டெஃபினிஷன் லாங்குவேஜ்'. ரிப்போர்ட், ஃபார்ம், பார்ட், லைன், ஃபீல்டு... இந்த ஐந்தும் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மீதிப் பாதி பனியன் தொழில். நிட்டிங் கூலி கிலோ கணக்கு. தையல் கூலி பீஸ் கணக்கு. நடுவில் சாயப்பட்டறை போய் வந்தால் எடை குறையும். முதலாளி கேட்பார்: "போன நூல் இவ்வளவு, வந்த பீஸ் இவ்வளவு. மிச்சம் எங்க கண்ணு?" இதற்குப் பதில் சொல்லும் ரிப்போர்ட்டை எழுதுகிறவர்தான் கெட்டிக்காரர். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் பில்லின் வடிவமே மாறியது. சட்டம் மாறும்போதெல்லாம் இவருக்கு வேலை உண்டு.

'புரோகிராமர் தேவை' என்று விளம்பரம் வரும் எனக் காத்திருக்காதீர்கள். டேலி விற்கும் பார்ட்னர் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ், அக்கவுண்டன்ட் அண்ணன்கள்... இவர்களைப் பிடியுங்கள். சர்டிபிகேட்டை நீட்டாமல், நீங்களே எழுதிய ஒரு ஜாப் ஒர்க் ரிப்போர்ட்டை ஓட்டிக் காட்டுங்கள்.

ஆபத்தும் உண்டு. 1959-ல் பிறந்த கோபால் மொழியை 'செத்துப் போச்சு' என்றார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி கவர்னர் பில் மர்ஃபியே கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார். ஆனால், கோபால் பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடும் மொழி. டி.டி.எல்.லோ ஒரே வீட்டுப் பிள்ளை; டேலிக்கு வெளியே செல்லாது. அதனால் பக்கத்திலேயே எஸ்.க்யூ.எல்.லும் பழகி வையுங்கள். பாஷை மாறலாம், கிலோவைப் பீஸாக்கும் கணக்கு மாறாது.

ஒரே சிக்கல்தான். பெண் வீட்டில், "மாப்பிள்ளைக்கு டி.டி.எல்." என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "எந்த டாக்டர்கிட்டக் காட்டறீங்க?" என்று கேட்டுவிடப் போகிறார்கள்!